பாஷா பாய் அழித்த தழும்பு

செத்துப்போன சொந்த அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்ட ஏணியில் ஏறின மனுஷன், பாதி ஏணியில் நின்று, "இது யாருபா?" என்று கீழே கயிறு பிடிக்கிறவனைக் கேட்கிற நிலைமை எந்தத் தம்பிக்கும் வரக்கூடாது. தேவசகாயத்துக்கு வந்தது. வந்து பதினாறு வருஷம் ஆச்சு. மனசால் அவர் அந்த ஏணியை விட்டு இன்னும் இறங்கவில்லை.

பேனரில் இருந்த ஆள் அழகாகத்தான் இருந்தான். உரித்த கோழி முட்டை மாதிரி கன்னம், வெற்றிலை போட்ட மாதிரி உதடு, தலைக்குப் பின்னால் வெளிச்ச வட்டம், அதற்கும் பின்னால் மேகம், மேகத்தில் நாலு புறா. கீழே 'பெஞ்சமின்' என்று கொட்டை எழுத்து. ஆனால் பெஞ்சமின் முகத்தில் புருவத்துக் கோடியில் ஆரம்பித்துக் காது வரைக்கும் ஓடுகிற வெட்டுத்தழும்பைக் காணோம். போதாததுக்குச் சட்டைப்பை வலது பக்கம் இருந்தது. எந்த ஊர் தையல்காரன் வலது பக்கம் பை வைத்துத் தைக்கிறான்?

அந்தத் தழும்பு சும்மா வந்தது இல்லை. செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பு வெட்டுகிற கூலிக்கு அவர்கள் ஜனம் தலைமுறையாகப் போய்க்கொண்டிருந்தது. கூலியை ஏற்றிக் கொடு என்று முதன்முதலில் வாய் திறந்து கேட்டது பெஞ்சமின். தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரின் ஆள் வெட்டுக்கத்தியை வீசினான். பதினேழு தையல். ஆனால் அடுத்த வாரமே கூலி ஏறியது. அன்றிலிருந்து காலனியில் அவர் 'வெட்டு பெஞ்சமின்'. கூப்பிட்டால் அவரும் சிரித்துக்கொண்டே திரும்புவார். பிறகு மறைமலைநகரில் ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனார். கேட் பாஸுக்கு என்று செங்கல்பட்டு பஜாரில் ஹயாத் பாஷாவின் ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்தார். தழும்பு வந்த பிறகு எடுத்த ஒரே போட்டோ அதுதான். இரண்டு வருஷம் கழித்துக் கம்பெனி பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கேட் பாஸைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. ஓட்டர் கார்டு இருந்தது. அதில் தெரிவது பெஞ்சமினா பனைமரமா என்று சொல்ல முடியாது. கல்யாண ஆல்பத்தில் இருப்பது வெட்டுக்கு முந்தின முகம். மிச்சம், பாஷாவின் கம்ப்யூட்டரில் கிடந்த அந்த ஒரு போட்டோ.

அன்றைக்கு ஏணியிலிருந்து இறங்கி நேராக ஸ்டுடியோவுக்குத்தான் போனார் தேவசகாயம்.

"எங்க அண்ணன் மூஞ்சில வெட்டு எங்க பாய்?"

"சாவு பேனர்னா கொஞ்சம் சுத்தம் பண்ணி, லைட்டு குடுத்துதான்பா போடறது."

"எவன் சுத்தம் பண்ணச் சொன்னது? பழைய போட்டோவ குடு."

"அது... ஹார்ட் டிஸ்க் பூட்ச்சுபா."

"நேத்து அடிச்ச பேனரு. இன்னிக்கி ஹார்ட் டிஸ்க் பூட்ச்சா?"

பாய் சுவரைப் பார்த்தார். அவர் பார்த்த சுவரில் மாதிரிக்கு மாட்டியிருந்த படங்களில் ஒன்று, அந்தத் தோப்புக் குத்தகைக்காரரின் அறுபதாம் கல்யாணப் படம். அம்சமாக, சந்தன நிறத்தில் இருந்தார் மனுஷன். தேவசகாயத்துக்கு அப்போதே விளங்கிவிட்டது. வெட்டினவன் வெட்டின அடையாளத்தையும் அழிக்கச் சொல்லியிருக்கிறான். இந்த ஆள் அழித்திருக்கிறான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான் ஹார்ட் டிஸ்க்.

வேறு ஆளாக இருந்தால் அந்தக் கடை வாசலை மறுபடி மிதித்திருக்க மாட்டான். தேவசகாயத்தின் கணக்கு வேறு. திருடனைப் பிடிக்கணும் என்றால் அவன் வீட்டு எதிரில் டீக்கடை போடணும் என்பார் அவர். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் சந்தேகப்படுவதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு? லோடு அடித்துக்கொண்டிருந்தவர், பாயின் 'பாஷா டிஜிட்டல்' கடைப் பேனர்களுக்குச் சட்டம் அடித்துக் கழி நட்டுக் கட்டுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதலில் டிவிஎஸ் ஃபிப்டி, பிறகு ஒரு பழைய குட்டியானை வண்டி. செங்கல்பட்டு, கேளம்பாக்கம், மாமல்லபுரம் என்று பாய் அடிக்கிற பேனர் எல்லாம் இவர் கட்டினதுதான். பதினாறு வருஷம் அந்தக் கடையில் டீ குடித்து, அந்த ஆளைக் கண்காணித்தார். என்றைக்காவது ஒருநாள் அந்தப் பழைய போட்டோ வெளியே வரும்.

கண்காணித்ததில் போட்டோ வரவில்லை. பாய்தான் வந்தார், கொஞ்சம் கொஞ்சமாக.

ஹயாத் பாஷாவுக்கு முகம் பூராவும் அம்மைத் தழும்பு. மழை பெய்து ஓய்ந்த மணல் மாதிரி. சின்ன வயதில் தையல்கடையில் காஜா எடுத்தவர், பிறகு ஜெராக்ஸ் கடையில் நின்றவர். முப்பத்துமூன்று வயதில் காலேஜ் பெண்களோடு உட்கார்ந்து மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தார். மற்றதெல்லாம் தானாகக் கற்றது. மங்கலான படம் என்றால் அவருக்குப் பசி எடுக்காது. வெயிலில் கருகின கொத்தனாரோ, சுண்ணாம்புச் சுவரை ஒட்டி நின்ற புதுமணப்பெண்ணோ, எவர் படம் வந்தாலும் முதலில் மூக்கின் கீழே நிழலைப் பார்ப்பார். "லைட்டு எந்தப் பக்கத்துலேந்து வருது பார்" என்பார். பிறகு மவுஸைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் லைட்டு குடுப்போம்" என்பார். அவ்வளவுதான். வெளிறின புடவை மாம்பழ மஞ்சளாகும். கோயிலில் புதுநன்மை வாங்கின பிள்ளையின் தலைமேல் வானத்திலிருந்து கதிர் இறங்கும். மஞ்சள் நீராட்டுப் பெண்ணுக்குப் பின்னால் அருவி கொட்டும், மயில் நிற்கும்.

ஆனால் தான் மட்டும் கேமராவுக்கு முன்னால் நிற்க மாட்டார். அவர் மனைவி ஜெய்புன்னிசா டீ கொண்டுவருகிறபோதெல்லாம் குத்திக் காட்டும்: "பாருங்க அண்ணாத்த, ஊருல சாவற மய்யித்துக்கெல்லாம் மேக்கப் போடறாரு. எங்க நிக்காஹ் போட்டோல மட்டும் தொலைச்ச காச தேடற மாதிரி குனிஞ்சிகினு கீறாரு."

"நீ அழகா கீறியே, போதாதா?" என்பார் பாய்.

"அய்ய, இந்த லைட்டுலாம் என்கிட்ட அடிக்காத."

இதையெல்லாம் கேட்டு தேவசகாயம் சிரிப்பார். சிரித்துவிட்டு உஷாராகிவிடுவார். நல்லவனாக நடிக்கிறவன்தான் ஜாஸ்தி ஆபத்து.

போன வருஷம் மாமல்லபுரம் கடற்கரை ரோட்டில் ஒரு பேனர் கட்டினார். கல்யாணத்துக்கு முன்னால் கடலோரம் நின்று ஜோடியாகப் படம் எடுக்கிறார்களே, அந்த மாதிரி ஒரு ஜோடி. பின்னால் கடலில் உருண்டையாக ஒரு சூரியன். எட்ட வந்து நின்று பார்த்தவருக்கு என்னவோ இடித்தது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாக அல்லவா இருக்கணும்? இரண்டு முகத்திலும் வெயில் பளிச்சென்று அடிக்கிறது. கடையில் போய்க் கேட்டார்.

"இன்னா பாய், ஒரு வானத்துல ரெண்டு சூரியனா?"

பாய் மிரண்டு போனார். சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்த படம், ஊர்ப் பக்கமிருந்து வெயில் அடித்தது, பார்ட்டி சூரிய உதயம் வேணும் என்று கேட்டான், வைத்தேன், முகத்தில் வெளிச்சத்தைக் குறைக்க மறந்துவிட்டேன் என்றார். மூக்கு நிழலைப் பார்க்காமல் மவுஸைத் தொடாத ஆள், மறந்துவிட்டேன் என்கிறார். அதற்குப் பிறகு வந்த பேனர்களும் அப்படித்தான். கலர் கத்தியது. கடல் சொட்டுநீலம் கரைத்துவிட்ட மாதிரி, மாப்பிள்ளை முகம் செங்காய் மாம்பழம் மாதிரி. கேளம்பாக்கத்தில் பெண் வீட்டார், "பொண்ணு ஏன் சார் நெருப்புல நிக்குது?" என்று தேவசகாயத்திடம் சண்டைக்கு வந்தார்கள்.

என்னமோ மறைக்கிறான் என்று தேவசகாயத்தின் பழைய புண்ணில் நமைச்சல் எடுத்தது.

அந்த நேரத்தில்தான் அண்ணன் மகள் சிநேகாவுக்குக் கல்யாணம் கூடியது. பெஞ்சமின் சாகும்போது அதற்கு ஐந்து வயது. கோயிலில் கல்யாண அறிவிப்பு முதல் ஓலை வாசித்த அன்று அது தேவசகாயத்திடம் வந்து நின்றது.

"சித்தப்பா, மண்டபத்து வாசல்ல ஒரு போட்டோ வெக்கணும். எங்கப்பா என் தல மேல கை வெச்சிகினு நிக்கற மாதிரி. இப்பலாம் எல்லாரும் பண்றாங்க, செத்துப்போனவங்கள பக்கத்துல நிக்க வெச்சி."

"எந்த மூஞ்சிய வெப்ப?"

"பேனர்ல கீதே, அந்த மூஞ்சிதான். வேற ஏது?"

பெற்ற மகளுக்கே அந்த உரித்த முட்டைதான் அப்பன். மண்டபத்து வாசலில் அந்த முகம் நின்றால், ஊர் ஜனம் நாளைக்கு அதைத்தான் பெஞ்சமின் என்று சொல்லும். தழும்பு இல்லாமல் அண்ணன் அந்த வாசலில் நிற்கக்கூடாது. கல்யாணத்துக்கு மூன்றே வாரம். அதற்குள் பாயிடமிருந்து நிஜமான போட்டோவைக் கறந்தாக வேண்டும்.

மறுநாள் மத்தியானம், பாய் தொழுகைக்குப் போய்த் திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்துச் சத்தமில்லாமல் போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார். பாய் கம்ப்யூட்டர் திரையில் மூக்கு உரச உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் ஹாதியா.

"அத்தா, போதும். புடவ ஆரஞ்சு ஆயிடுச்சி. அது ரோஸு."

"ரோஸா? எனக்கு சாம்பலா கீதே."

"இன்னும் ஏத்தாதீங்க. எரியுது."

தேவசகாயம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பாய் தடுமாறி எழுந்து, கதவுக்கு ஒரு சாண் தள்ளி யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றார்.

"நா இந்தப் பக்கம் நிக்கறேன் பாய்."

தேவசகாயம் கேட்டார். "எத்தினி நாளா?"

"ஒண்ணரை வருஷம். சர்க்கரை கண்ணுல எறங்கிடுச்சி. உள்ள ரத்தம் கசியுதாம். பெருசு பண்ணிப் பாத்தா உருவம் தெரியுது, கலரு மட்டும் செத்துப்போச்சு. எல்லாம் சாம்பலு. அதான் கை ஏத்திகினே போவுது." பாய் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "பஜார்ல சொல்லிடாத தேவா. கண்ணு தெரியாதவன்கிட்ட எவன் போட்டோ குடுப்பான்?"

"இது ஒண்ணு. பதினாறு வருஷமா மறைக்கறியே, அது இன்னொண்ணு. எங்க அண்ணன் போட்டோ எங்க?"

"இல்ல."

"பொய்யி."

"சத்தியமா இல்லபா. ஹார்ட் டிஸ்க் போவல, அது பொய்யிதான். அன்னிக்கி உன் அண்ணன் போட்டோவ தொறந்தேன். எல்லா மூஞ்சிக்கும் பண்ற மாதிரி கை பாட்டுக்கு சுத்தம் பண்ணிச்சி, லைட்டு குடுத்துச்சி. பேர் எழுதற பக்கம் மூஞ்சி பாக்கணும்னு படத்த திருப்பிப் போட்டேன். சேவ் அடிச்சேன். பழசு மேலயே புதுசு ஏறிடுச்சி. அங்க ஒரு வெட்டு இருந்துச்சின்றதே நீ வந்து கேட்டப்பதான் எனக்கு உறைச்சிது."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எப்பிடி வந்தே தெரியுமா? கையில அருவா."

"கயிறு அறுக்கற அருவாபா அது!"

"எனக்கு அது தெரியுமா?"

ஹாதியா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது. தேவசகாயம் சிரிக்கவில்லை. "குத்தகைக்காரன் எவ்ளோ குடுத்தான், அத சொல்லு" என்றார். பாய் அவர் குரல் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் குத்தகைக்காரன்?" என்றார். நடிப்பா நிஜமா என்று கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அந்தக் கண்ணில்தான் ஒன்றும் இல்லையே.

கை பாட்டுக்குப் போச்சாம். இதை எவன் நம்புவான்? வீட்டுக்குப் போய்ப் படுத்தவருக்கு விடிகாலையில் ஒரு யோசனை வந்தது. அவருக்கு மூக்கு நுனியில் கொத்துமல்லி விதை அளவுக்கு ஒரு மரு. தன் போட்டோவைப் போனில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். "கல்யாண பேனர்ல சித்தப்பன் மூஞ்சி வரணும். போடு" என்றார். ஹாதியா படத்தை ஏற்றிக் கொடுத்தது. பாய் முகத்தைத் திரை முழுக்கப் பெரிசாக்கி வைத்துக்கொண்டார். தேவசகாயம் வேணும் என்றே பேச்சுக் கொடுத்தார்.

"வூட்ல இன்னா பாய் நாஸ்தா இன்னிக்கி?"

"அத ஏன் கேக்கற. கேழ்வரகு தோச. சட்னில உப்பு கூட இல்ல, ஜெய்புன்னிசா ஒளிச்சி வெக்குது. டாக்டர விட இவதான் பெரிய டாக்டரு..."

பேச்சுப் பாட்டுக்குப் பேச்சு. மவுஸில் விரல் டிக் டிக் என்றது. இரண்டே தட்டு. மூக்கு நுனியில் மரு இல்லை. பாயின் வாய் இன்னும் சட்னியில்தான் இருந்தது. அழித்தது அவருக்கே தெரியாது.

"பாய்."

"சொல்லுபா."

"என் மரு எங்க?"

பாய் கை நின்றது. திரையில் மூக்கை வைத்துப் பார்த்தார். பிறகு கையை மவுஸிலிருந்து எடுத்து, அது வேறு எவனோ ஒருவன் கை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார்.

தேவசகாயத்துக்குப் பதினாறு வருஷத்துச் சந்தேகம் ஒரு மருவில் உடைந்தது. உடைந்ததில் சந்தோஷம் வரவில்லை. குத்தகைக்காரன் சொல்லி அழித்திருந்தால் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்திருக்கும். இந்தக் கையை என்னவென்று திட்டுவது?

"சரி, அழிச்ச நீயே வரைஞ்சி குடு" என்றார்.

"வரையலாம். முதல்ல திருப்பிப் போட்டத நேராக்கறேன்." சட்டைப்பை இடது பக்கம் வந்து உட்கார்ந்தது. "இப்ப சொல்லு. வெட்டு எந்தப் பக்கம்?"

"இந்தா, இந்த..." என்று தேவசகாயம் தன் வலது கன்னத்தில் விரலை வைத்தார். வைத்த விரல் அங்கே நிற்கவில்லை. இடது கன்னத்துக்குப் போனது. கண்ணை மூடி அண்ணனை நினைத்துப் பார்த்தார். வந்தது அண்ணன் இல்லை. வெளிச்ச வட்டமும் புறாவுமாக அந்தப் பேனர்தான் வந்தது. கோபத்தில் அதையே நினைத்து நினைத்து, உள்ளே இருந்த முகத்தின் மேலேயே அது ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தது.

"பதினாறு வருஷமா என்ன மொறச்சே" என்றார் பாய், குத்தலாக இல்லை, மெதுவாகத்தான். "எந்தப் பக்கம்னு சொல்லு."

தேவசகாயம் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

காலனியில் கேட்கலாம். முனிசாமி இடது என்பான், ஜெபக்குமார் வலது என்பான், இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். கேட்க வேண்டிய இடம் அண்ணி. ஜெசிந்தா வாசலில் சுற்றத்தாருக்குப் பத்திரிகை பிரித்து வைத்துக்கொண்டிருந்தது. கூனிக் குறுகி நின்று கேட்டார். "அண்ணி... அண்ணனுக்கு வெட்டு எந்தப் பக்கம்?"

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தது. "நீயா கேக்கற? தழும்ப காணோம், தழும்ப காணோம்னு ஊர கூட்டன நீயா?"

"மறந்துட்டேன் அண்ணி."

திட்டும் என்று நினைத்தார். அது எழுந்து வந்து, ஆள்காட்டி விரலை அவருடைய இடது புருவத்துக் கோடியில் வைத்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தது. நெற்றிப்பொட்டு மேட்டில் கொஞ்சம் ஆழம். பிறகு கீழே. காது மடல்கிட்ட வந்ததும் விரல் நின்று, ஒருதரம் மேலே போனது, மறுதரம் கீழே போனது.

"இங்க ரெண்டா பிரியும். சின்னதா. இது யாருக்கும் தெரியாது. மழைக்காலத்துல இந்த எடம்தான் நமைக்கும், என்ன சொறியச் சொல்லுவாரு." கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டது. "போ. மறக்கறதுக்குள்ள போய்ச் சொல்லு."

தேவசகாயம் வழியெல்லாம் இடது கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

படத்துக்கு உடம்பு வேணும். கேட் பாஸ் போட்டோவில் இருப்பது மார்பு வரைக்கும்தான். தேவசகாயம்தான் அண்ணன் இடத்தில் நின்றார், மாமல்லபுரம் கடற்கரையில், சாயங்காலம் நாலு மணிக்கு, சிநேகா தலைமேல் கை வைத்துக்கொண்டு. "அப்புறம் என் தலைய வெட்டிடுவ இல்ல?" என்று கேட்டார். "உனக்கு அது இருந்து இன்னா பிரயோஜனம்?" என்றார் பாய். நாலு நாள் மூன்று பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கலர் பார்க்கிறது ஹாதியா, இடம் சொல்கிறது தேவசகாயம், கை பாயுடையது. முதலில் வரைந்தது பேனாவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது.

"இது இன்னா பாய், நண்டு ஓடுன மாதிரி கீது."

"தழும்புன்னா கோடு இல்லபா, மேடு" என்றார் பாய். தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "மேட்டுக்கு ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல். ஹாதியா, சிநேகா பொண்ணு மூக்கு நிழல் எந்தப் பக்கம் உழுது?"

"கடல் பக்கம், அத்தா."

"அப்ப தழும்புக்கும் கடல் பக்கம் நிழலு. ஊர்ப் பக்கம் கொஞ்சம் லைட்டு குடுப்போம்."

கொடுத்தார். கன்னத்தில் மேடு எழும்பியது. காதோரம் இரண்டாகப் பிரிந்தது. தேவசகாயம் தன் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கலரை ஏற்றப் போன கையை ஹாதியா பிடித்துக்கொண்டது.

மண்டபத்து வாசலில் அந்தப் படத்தைத் தேவசகாயம்தான் மாட்டினார். மாட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்று ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்தார். யாராவது முகம் சுளிக்கிறானா என்று. வயசான ஞானம்மாள் கிட்டே போய், "வெட்டு பெஞ்சமினு வந்துட்டான்டி" என்றது. சிநேகா வெள்ளைப் புடவையோடு வந்து நின்று, தழும்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தது. "இது பழைய போட்டோவா சித்தப்பா, வரைஞ்சதா?" என்றது. அதுவும் அவர் ஜாதிதான். சந்தேகம் ரத்தத்தில் வருவதுதான். "வரைஞ்சது. உங்கம்மா சொல்லி வரைஞ்சது" என்றார். பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அது விரலை எடுக்காமல், "அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் ஹயாத் பாஷா மவுத்தானார். சர்க்கரை காலில் இறங்கி, பிறகு நெஞ்சுக்கு ஏறிவிட்டது. அடக்கம் முடிந்த மறுநாளே கடைத்தெரு சங்கத்து ராஜேந்திரன் ஒரு பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். வேறு ஊரில் அடித்தது. விரித்துப் பார்த்தால் ஆதார் கார்டு போட்டோவை எடுத்துப் பெரிசாக்கியிருந்தார்கள். முகம் நுங்கு மாதிரி. ஒரு குழி இல்லை. பின்னால் மேகம்.

"பஜார் முனையில கட்டுங்க" என்றார் ராஜேந்திரன்.

"கட்ட மாட்டேன்."

"இன்னாயா, இருபது வருஷ பழக்கம்?"

"பதினாறு. கட்ட மாட்டேன்."

அவர்கள் வேறு ஆளை வைத்துக் கட்டிவிட்டார்கள். மறுநாள் காலை கடை திறக்கிற நேரத்தில், பஜார் பூராவும் பார்க்க, தேவசகாயம் ஏணியைச் சாத்தி ஏறி நாலு முடிச்சையும் அறுத்து அதை இறக்கினார். கையில் அருவாள் இருந்ததால் கிட்டே வர ஒருத்தனும் துணியவில்லை. "கிறுக்குப் புடிச்சவன், செத்தவர்கிட்டயுமா பழைய பக?" என்று ராஜேந்திரன் கத்தினார். தேவசகாயம் பதில் சொல்லவில்லை. பதில் ஒரு மாசத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியிலிருந்து பாயைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வருகிறபோது நடந்த பேச்சில் இருந்தது.

ஏரிக்கரை ரோட்டில் வண்டி வந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு அஞ்சலி பேனர், தேவசகாயம் கட்டினதுதான்.

"அது எப்பிடி கீது?" என்றார் பாய்.

"யாரோ மாதிரி கீது."

பாய் சிரித்தார். பிறகு சொன்னார்: "நா போயிட்டா கடைத்தெரு ஆளுங்க எனக்கும் அடிப்பானுங்க தேவா. எங்க ஆளுங்கள்ல அது கூடாது, அது வேற. ஆனா அடிக்கறவன் என் மூஞ்சிய சுத்தம் பண்ணாம வுட மாட்டான். கை வுடாது. எனக்குத் தெரியாதா அந்தக் கைய? அம்பத்தெட்டு வருஷம் இந்தக் குழியோட சுத்தியிருக்கேன், கடைசில வேற எவனோ மூஞ்சில போய்த் தொங்க முடியாது. நீ கட்டாத."

"நா கட்டல. வேற எவனாவது கட்டினா?"

"ஏணி உன்கிட்டதான கீது? ஏறி அவுத்துடு."